பேரென்னக்கா

பாஸ்டர் தன் சின்னப் பெட்டியைத் திறப்பதற்குள் அவள் மூன்று முறை எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

தலையணையை உயர்த்தச் சொன்னாள். பிறகு இறக்கச் சொன்னாள். ஜன்னலைத் திறக்கச் சொல்லி, காற்று வந்ததும் மூடச் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் யாருடைய மருந்தையோ நர்ஸ் சரிபார்த்தாளா என்று எட்டி எட்டிப் பார்த்தாள்.

"முள்ளு மேல படுத்த மாதிரி என்னக்கா இது? கொஞ்ச நேரம் சும்மாதான் படுத்துக்கோயேன்," என்றாள் தங்கை.

காலையில்தான் டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார், இனி ரத்தம் ஏற்றிப் பிரயோஜனம் இல்லை என்று. சுற்றி வளைத்துத்தான் சொன்னார், பாவம். அவளுக்கு எதையும் விளக்கத் தேவையில்லை. இதே ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள். நோயாளிக்கு ரத்தம் பொருந்துகிறதா என்று சோதித்து, பையில் சீட்டு ஒட்டி, கையகல ஜன்னல் வழியாக வெளியே நீட்டுவாள். அந்தப் பை யாருக்குள் இறங்கப்போகிறதோ, அந்த முகம் ஜன்னலில் தெரியாது.

டாக்டரின் தலை மறைந்ததும் தங்கையிடம் சொன்னாள். பாஸ்டரை வரச்சொல், எனக்குத் திருவிருந்து வேண்டும்.

தங்கைக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

அக்கா திருவிருந்தின் ரசக் கிண்ணத்தை வாயில் வைத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போவாள். தொண்டை கிழியப் பாடுவாள். திராட்சரசத் தட்டு வரும்போது மட்டும் சூடான பாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிடுவாள். கேட்டால் அல்சர் என்பாள். அந்த அல்சர்காரி பச்சை மிளகாயைக் கடித்துத் தின்பதை வீடே பார்த்திருக்கிறது.

குடிக்காமல் சாகப் பயமாக இருந்தது அவளுக்கு. குடிக்கவும் பயமாக இருந்தது. இன்று விட்டால் இன்னொரு நாள் கிடைக்குமா என்பதும் தெரியவில்லை.

பாஸ்டர் நல்ல மனிதர், என்ன, ஆறுதல் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

"ஊழியம்னா பிரசங்கம் பண்றது மட்டும் இல்லம்மா. நீங்க அந்த ரூம்ல செஞ்சதுதான் ஊழியம். எத்தனை உயிரு உங்களால பிழைச்சிருக்கு! அந்தப் பேர் கேக்கிற சட்டம் ஒண்ணு போதாதா?"

அந்தச் சட்டம் ஆஸ்பத்திரிக்கே தெரியும். நோயாளி தன் பெயரையும் பிறந்த தேதியையும் தன் வாயாலேயே சொன்ன பிறகுதான் ரத்தப் பையைத் தொங்கவிட வேண்டும். 'நீங்கதானே இன்னார்' என்று கேட்டால் செல்லாது. அரை மயக்கத்தில் கிடப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். அவர்களே சொல்ல வேண்டும். மேலதிகாரிகளோடு மல்லுக்கு நின்று அவள்தான் அதைக் கொண்டுவந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வார்டு வார்டாகப் போய்க் கண்காணித்தாள். கேட்க மறந்த நர்ஸ்களை அழ விட்டாள். அவர்கள் பதிலுக்கு அவளுக்கு 'பேரென்னக்கா' என்று பெயர் வைத்துப் பழிதீர்த்துக்கொண்டார்கள்.

பாஸ்டர் புகழப் புகழ அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. போர்வையின் ஓரத்தைத் திருகினாள், விட்டாள், மறுபடி திருகினாள்.

"போதும் பாஸ்டர். ஆரம்பிங்க," என்றாள் வெடுக்கென்று.

அவர் ஜெபித்தார். அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். அதை எப்படியோ விழுங்கிவிட்டாள். பிறகு விரல் அளவே இருந்த கிண்ணத்தில் ரசத்தை ஊற்றி, கட்டிலருகே குனிந்து, இது உங்களுக்காகச் சிந்தப்பட்ட ரத்தம் என்றார்.

ரத்தம் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், பழக்கம் முந்திக்கொண்டது. யாரும் கேட்காமலே, வார்டு முழுக்கக் கேட்கும்படி, அவள் ஒரு பெயரையும் ஒரு பிறந்த தேதியையும் கணீரென்று சொன்னாள்.

பாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தங்கை கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

பிறகு தங்கையின் சிரிப்பு நின்றது.

"அக்கா, அது உன் பேர் இல்லையே. தேதியும் உன்னது இல்ல. யாருக்கா அது?"

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மறுபடியும் அல்சர் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"பிரசவ வார்டுல இருந்த பொண்ணு," என்றாள். "ஜன்னல்ல ரெண்டு பை இருந்துச்சு. மாத்திக் குடுத்துட்டேன். பேர் கேக்காமலே ஏத்திட்டாங்க. பிரசவத்துல போயிட்டாள்னு எழுதினாங்க. காலிப் பை எங்கிட்டதான் திரும்பி வந்துச்சு. பார்த்தேன், சீட்டுல வேற ஆளோட பேரு. சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டேன். பத்தொன்பது வருஷம் ஆச்சு."

தங்கை மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்காவின் கையைப் பிடிப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பாஸ்டர் கிண்ணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார் என்று அக்கா காத்திருந்தாள். எடுத்துக்கொள்ளட்டும், அதுதான் நியாயம் என்றும் நினைத்தாள். கிண்ணம் சாய்ந்து ஒரு சொட்டு போர்வையில் விழுந்தது. ஆனால் அவர் கை விலகவில்லை.

"சரிம்மா," என்றார். "இப்ப உங்க பேரைச் சொல்லுங்க."

அவள் சொன்னாள். இந்த முறை மெதுவாக.

அவர் கிண்ணத்தை அவள் உதட்டருகே கொண்டுவந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பிறந்த தேதியையும் கேளுங்க, பாஸ்டர்."