கிழிந்த சட்டைப் பயிற்சி

தணிகாசலம் வாத்தியார் தட்டிவிட்ட டீயில், மேஜைமேல் குவித்திருந்த வகுப்பின் மொழிபெயர்ப்புக் காதுமிஷின்கள் அத்தனையும் குளித்துச் செத்தன. அசடு வழிந்தபடியே ஆங்கில நாடகப் பயிற்சியைத் தொடங்கினார்: அவர் துணிக்கடைக்காரர்; மாணவரான எலக்ட்ரீஷியன் அல்போன்ஸ்தான் கிழிந்த சட்டையோடு சண்டைக்கு வந்த வாடிக்கையாளர்.

அல்போன்ஸ் சொந்த வாயால், உடைந்த ஆங்கிலத்தில் போட்ட சத்தத்தில் வகுப்பே வாய்பிளந்தது. வாத்தியார் மிரண்டுபோய், பதிலுக்குத் தன் சட்டையையே கொடுத்துவிடப் பொத்தானைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

"அடேங்கப்பா! மிஷின்தான் எல்லாம் பேசுதே, நீங்க எதுக்கு அல்போன்ஸ் படிக்கிறீங்க?"

வழக்கமாக "சும்மாதான் சார்" என்று நழுவுகிறவர் இன்று நின்றார்.

"என் பொண்டாட்டிக்கு நைரோபி, சார். இங்கிலீஷ்தான் பேசுவா. அவ எவ்வளவு திட்டினாலும் மிஷின் அதைத் தேனாக்கித்தான் காதுல ஊத்துது. எம்மேல என்ன கோவம்னே தெரியாம எப்படி சார் குடும்பம் நடத்துறது?"