கன்னத்தில் நீலம்

தங்கை ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்திருப்பது தீப்பெட்டி அளவே உள்ள, அவள் அக்காவின் கறுப்பு வெள்ளைப் படம். ஸ்டுடியோக்காரர் ஸ்கேனரைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்ற மறந்து, கலரிலேயே எடுத்துவிடுகிறார். விளக்குக்கோடு கண்ணாடிக்கு அடியில் ஊர்ந்து முடிய, திரை முழுக்க என்றோ இறந்துபோன அக்காவின் ஐந்து வயது முகம். கன்னத்தில், தாளில் கண்ணுக்கே தெரியாத வெளிர்நீலம். "அழுக்குங்க, அழிச்சிடறேன்" என்று பெரிதாக்குகிறார். புள்ளி புள்ளியாக முகம் விரிய, நீலத்துக்குள் வளையம் வளையமாகக் கைரேகை. ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனையோ, எல்லாம் அதே கன்னத்தில். "எங்கப்பா அச்சாபீஸ்ல நீல மை போட்டவரு" என்கிறாள் தங்கை. "அக்கா போனப்புறம் அவ பேரைக்கூட எடுத்ததில்ல. கல்நெஞ்சுக்காரன்னு அம்மா கடைசிவரைக்கும் திட்டுனாங்க." அம்புக்குறி கன்னத்தருகே நிற்கிறது. ஸ்டுடியோக்காரர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுகிறார்.