பாம்புக்கு எத்தனை கால்?

காட்டு ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்தே நர்ஸ் கொக்குக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். கேட்டதையெல்லாம் பதியாமல் நோயாளியைத் தொடக் கூடாதாம்!

ஒருநாள் கழுத்தில் மீன்வலை இறுகிய சாரைப்பாம்பு ஒன்று மூச்சுத் திணறிக்கொண்டு வந்து வாசலில் விழுந்தது. கம்பவுண்டர் குரங்கு பயந்துபோய் அலமாரி மேல் ஏறிக்கொண்டது.

"கால்கள் எத்தனை?" என்று கேட்டது கம்ப்யூட்டர்.

"பாம்புக்கு ஏதுய்யா கால்?" என்றது கொக்கு.

"பூஜ்யம் செல்லாது. கால் கணக்கு இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது."

"சும்மா நாலுன்னு போட்டுவிடுங்க சிஸ்டர், எல்லாரும் அப்படித்தானே ஓட்டறோம்," என்றது மேலேயிருந்து குரங்கு.

கொக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய்யும் எழுத மாட்டேன், இதைச் சாகவும் விட மாட்டேன்!"

திரைக்கு முதுகைக் காட்டி நின்று, அலகால் வலையை இழை இழையாக அறுத்தது. கடைசி இழை விட்டதும் சாரை நீளமாக ஒரு மூச்சு இழுத்தது.

கம்ப்யூட்டர் விடவில்லை. "கால்கள் எத்தனை?"

கொக்கு நிதானமாகத் திரும்பியது.

"ரெண்டு. ரெண்டும் என்னோடது. இந்தப் பாம்பு மூச்சு விடற வரைக்கும் பக்கத்துல நின்ன கால் அவ்வளவுதான். எழுதிக்கோ!"