இருபத்தைந்து தட்டு

ஆறு மாதத்தில் மூன்று கீபோர்டு. மூன்றிலும் உயிரை விட்டது ஸ்பேஸ் பார் மட்டும்தான்.

செங்கல்பட்டில் அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பொறுப்பாளன் ஜெயகிருஷ்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிவு கவுண்டரில் இருக்கும் பிரிசில்லா, நோயாளியின் பெயரை அடித்துவிட்டு அந்தக் கட்டையை டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டே இருப்பாள். வரிசையோ வாசல் வரை நிற்கும்.

கேட்டால், பழக்கமாகிவிட்டது என்று சிரிப்பாள்.

தலைமை டாக்டர் சகுந்தலாவிடம் புகாராக எழுதியே கொடுத்துவிட்டான். திங்கட்கிழமை காலை பிரிசில்லாவை ஃபைல் ரூமுக்கு மாற்றினார்கள். போகும்போது, புதிதாக உட்கார்ந்த செல்லம்மாவின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். செல்லம்மாவும் தட்ட ஆரம்பிக்க, ஜெயகிருஷ்ணன் பின்னாலேயே நின்று தடுத்துவிட்டான்.

அன்று மதியம் அவனுக்குப் பாராட்டு விழா வேறு. ஆஸ்பத்திரியை வெளி லேபோடு இணைத்தது அவன் எழுதிய புரோகிராம். இரண்டு வருடமாக ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டுகூடத் திரும்பி வந்ததில்லை.

பதினொரு மணிக்குள் நாற்பத்தொன்று திரும்பி வந்தன.

முதல் சீட்டு, சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்திருந்த வேண்டா என்ற நோயாளியுடையது. ரிசல்ட் வந்தால்தான் அந்த அம்மாவுக்கு ஆபரேஷன்.

"அக்கா சொன்னாங்க சார், தட்டலேன்னா திரும்பிடும்னு" என்றாள் செல்லம்மா.

ஃபைல் ரூமுக்கு ஓடினான். பிரிசில்லா வந்து உட்கார்ந்தாள். வேண்டா என்று ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. பிறகு உதட்டுக்குள் எண்ணியபடி இருபத்தைந்து தட்டு.

"லேப்ல பேருக்கு முப்பது கட்டம் கீது சார். கொறஞ்சா வாங்காது. மிச்சத்த வெறுங்கட்டமா ரொப்பணும்."

சீட்டு போய்ச் சேர்ந்தது. அப்படி நிரப்ப வேண்டியது அவனுடைய புரோகிராம். திறந்து பார்த்தால், அந்த ஒரு வரியை எழுதவே மறந்திருக்கிறான்.

எழுதினான். பன்னிரண்டுக்குள் அத்தனை சீட்டும் போய்ச் சேர்ந்தன. ரிசல்ட் வந்து, வேண்டா ஆபரேஷனுக்குப் போனாள்.

விழாவில் கேடயத்தை வாங்கிய கையோடு மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தான். பிரிசில்லாவை மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயத்தை அவள் கையில் கொடுத்தான். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. இரண்டு வருடப் பாரம் இறங்கியதுபோல் அவள் முகம் மலர்ந்திருந்தது.

சகுந்தலா மட்டும் விடவில்லை. "எப்போலேர்ந்தும்மா இது உனக்குத் தெரியும்?"

"ட்ரயல் பார்த்த அன்னிக்கே தெரியும் மேடம். சார் வேலைக்கு வந்து நாலாம் நாளு."

"அவர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, இன்னிக்கு மாதிரியே அன்னிக்கும் உங்ககிட்ட வந்து ஒத்துக்கினு இருப்பாரு. அவருக்கு முன்ன இருந்தவரு தன் தப்ப ஒத்துக்கின அன்னிக்குத்தானே மேடம், நீங்க அவர வூட்டுக்கு அனுப்பினீங்க?"