ஜன்னலைச் சாத்தத் தெரிஞ்சவ

"பத்தொம்பது நாளா பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பல. நீயெல்லாம் ஒரு தாயா?"

கேட்டவரு சிறுவர் நலன் அதிகாரி நிமலன். விசாரணை நடக்குறது அஞ்சாம் வகுப்பு ரூம்ல. எதிர்ல நிக்குறது தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிற விஜயலெட்சுமியும் அவ மக ஜெயந்தினியும். பக்கத்துல ஸ்கூல் அதிபர். அவரு குனிஞ்ச தலைய நிமித்தவே இல்ல.

"தங்கச்சி வீட்டுல இருக்கோங்க சேர், லுணுகலையில. அங்கேருந்து ரெண்டு பஸ் மாறணும்..."

"பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இங்க, ஒனக்கு விருந்து அங்கயா?"

"விருந்து இல்லீங்க சேர்..."

"பேசாத. ஒங்களுக்கெல்லாம் பொறுப்பே கெடையாது. பிள்ளைய சிறுவர் இல்லத்துல சேர்க்கச் சொல்லி எழுதப் போறேன். மூணு வேளை சோறு, படுக்க எடம், பக்கத்துலயே ஸ்கூல்."

ஜெயந்தினி அம்மாவோட சேலைய இறுக்கிப் புடிச்சா.

"அதைத்தானே சேர் நாங்க குடும்பமாக் கேட்டோம்?"ன்னா விஜயலெட்சுமி.

நிமலன் காதுல விழல. எழுதுறவருக்கு எப்படி விழும்?

திடீர்னு சாரல் அடிச்சு ஃபைல் நனைஞ்சிருச்சு. பதறி எழுந்து பலகை ஜன்னல இழுத்தாரு. தள்ளுனாரு. ஓங்கிக் குத்திட்டுக் கைய உதறுனாரு. ஜன்னல் அசையல.

விஜயலெட்சுமி போனா. கீழ முழங்காலால ஒரு முட்டு, மேல உள்ளங்கையால ஒரு தட்டு. சாத்திக்கிச்சு.

"இந்த வித்தை ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மண்சரிவுல நாங்க குடியிருந்த லயத்து வீடுங்க போனதும் ரெண்டு மாசம் இந்த ரூம்லதானே சேர் இருந்தோம், நாலு குடும்பம். மழை வந்தா நாந்தான் சாத்துவேன். அப்பல்லாம் பாப்பா ஸ்கூல விட்டு வெளிய போனதே இல்ல."

"பெறகு எதுக்குப் போனீங்க?"

பொலித்தீன் பைக்குள்ளேருந்து ஒரு கடுதாசிய எடுத்து நீட்டுனா. நிமலன் சத்தமா வாசிச்சாரு.

"பாடசாலை ஆரம்பமாவதால், பிள்ளைகளின் நலன் கருதி அனைவரும் உடனடியாக வெளியேறவும்."

"எங்க போறதுன்னு மட்டும் எழுத மறந்துட்டாங்க சேர்."

"எந்த மடையன்யா இப்படிக் கடுதாசி எழுதுறது?" நிமலன் கண்ணாடியத் தூக்கிவிட்டுக்கிட்டு, கீழ கையெழுத்தத் தேடுனாரு.

அதிபர் அப்பதான் தலைய நிமித்துனாரு.

"தேட வேணாம் சேர். இப்ப இந்த ஃபைல்ல போடப் போறீங்களே, அதே கையெழுத்துதான்."