மைனாவுக்கு வாய்த்த குட்டிக் கேமரா

கேமராக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மைனா அம்மா வந்து நின்றதும், உள்ளே இருந்த குட்டிக் கேமராவுக்குத் தலைகால் புரியவில்லை. இன்றாவது யாராவது நம்மைக் கூட்டிப் போவார்களா என்று அதற்கு ஏக்கம்.

"தம்பிகளா, என் மகள் கோபுர உச்சிக்குத் தனிக்குடித்தனம் போயிட்டா. எனக்கு இறக்கை வலி, அவ்வளவு உயரம் பறக்க முடியல. அவ சாப்பிடுறாளா என்னான்னு கீழ இருந்தே பார்க்கணும்."

"அவ்வளவு தூரம் பார்க்க எனக்கு லென்ஸ் தனியா வாங்கணும்" என்றது பக்கத்துக் குண்டுக் கேமரா.

"எனக்கு எல்லாம் மூக்குலயே இருக்கும்மா" என்று குட்டி விர்ரென்று மூக்கை நீட்டியது.

"அடுத்த வீட்டுல நுழைக்கிற மூக்கு" என்று குண்டு முணுமுணுத்தது.

மைனா குட்டியைத்தான் எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும், புதுப் பொருளாச்சே என்று நீட்டிய மூக்கின் நுனியில், லென்ஸுக்கு நட்டநடுவே, குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். கோபுரமே செக்கச்செவேலென்று இருந்தது. நடுவில் மகள், வாய் நிறைய இரையோடு.

"அம்மன் தாயே, என் பிள்ளைக்குத் துணையா நீயே நிக்கிறியா" என்று மைனா அழுதுகொண்டே சிரித்தாள்.

துடைக்கச் சொல்ல வாயெடுத்த குட்டி, பொட்டு அழிந்துவிடுமோ என்று மூக்கை உள்ளே இழுக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.