ஒரு இஞ்ச் குழாய்

கொல்லைப்புறத் தரைக்கடியில், பாதி வழியில் கேபிள் சிக்கிக்கொண்டது. வயரிங் காண்ட்ராக்டர் தம் கட்டி இழுத்தார். கேபிள் அசையவில்லை, இழுக்கிற கம்பிதான் பட்டென்று அறுந்து, அவரைத் தரையில் உட்கார வைத்தது.

"அத்தான், அடி பட்டுச்சா?" பின்பக்க அறைக்குள்ளிருந்து மச்சான் எட்டிப் பார்த்தான். மறுமுனையில் கேபிளைத் தள்ளிவிட வேண்டியவன், கையில் டேப்போடு நின்றான்.

"தள்ளுடான்னா அங்க எதை அளக்குற?"

"கட்டிலுக்கு இடம் பாக்குறேன் அத்தான். ஆறரை அடி போடச் சொல்லுச்சு அக்கா."

மச்சான் அவர் தோளுக்குத்தான் வருவான். இவனுக்கு ஆறரை அடிக் கட்டில் எதற்கு, உருண்டு விளையாடவா என்று சிரித்துக்கொண்டார். அப்புறம்தான் உறைத்தது. கட்டிலா?

குழாயில் பாதிகூடக் கேபிள் நிரம்பக் கூடாது, காலி இடம் இருந்தால்தான் இழுக்க வரும், சூடும் தணியும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுப்பவர் அவர். "பெரிய குழாயாப் போடுங்க" என்று மனைவி சொன்னபோது மட்டும், "தட்டுமுட்டுச் சாமான் ரூமுக்கு ஒரு லைட்டு, ஒரு ஃபேன். ஒரு இஞ்ச் தாராளம். எனக்கே பாடமா?" என்று குழாயைப் புதைத்து சிமெண்டும் பூசிவிட்டார்.

பூச்சு காய்ந்த பிறகு, ஹீட்டருக்கு ஒரு லைன், அடுப்புக்கு ஒரு லைன் என்றாள். தரையை உடைத்தால் மானம் போகும். மூன்று கேபிளையும் ஒன்றாகக் கட்டித் திணித்தார். இப்போது மானம் குழாயின் வளைவில் சிக்கிக் கிடந்தது.

லைட், ஃபேன், வெந்நீர், அடுப்பு, கட்டில். லோடைக் கூட்டிப் பார்த்தால் ஒரு முழு ஆள் வருகிறான்.

"குடிவரப் போறியாடா?"

மச்சான் டேப்பைச் சுருட்டினான். முகத்தைப் பார்க்கவில்லை. "அக்காவையே கேளுங்க அத்தான்."

காண்ட்ராக்டர் அறுந்த கம்பியை வீசி எறிந்தார். அவர் வீட்டில், அவர் கையாலேயே கேபிள் இழுக்க வைத்து, அக்காவும் தம்பியும் சேர்ந்து முதுகில் குத்தியிருக்கிறார்கள். கொஞ்ச நாளாக அவள் சண்டையே போடாததை, தாம் ஜெயித்துவிட்டதாக அல்லவா நினைத்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்!

சமையலறையில் அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டு அந்த ரூமை முடிவு பண்ணுன? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எத்தனையோ வார்த்தை சொன்னேன். எதையாவது காதுல வாங்குனீங்களா?"

"பேச்சை மாத்தாத."

அவள் பேச்சை மாற்றவில்லை, நிறுத்திவிட்டாள். குழாயில் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

காண்ட்ராக்டரின் கோபம் விறுவிறுவென்று ஏறும், அதே வேகத்தில் இறங்கிவிடும். பாவம், அந்தப் பையனுக்கு வேறு போக்கிடம் இல்லையோ என்னவோ. கூடப் பிறந்தவனைத் தெருவில் விட அவளுக்கு மனசு வருமா?

"சரி, விடு. உன் தம்பி எனக்கும் தம்பிதான். நாளைக்கே தரையை உடைச்சு ரெண்டு இஞ்ச் குழாயாப் போட்டுடறேன். பச்சைத் தண்ணில குளிச்சு அவன் எதுக்குக் கஷ்டப்படணும்? ஆனா இனிமே எதையும் மூடி மறைக்காத. எப்ப வரான்? நேராச் சொல்லு."

அவள் தண்ணீரை நிறுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் வரலைங்க. அங்க தனியா இருக்கப் போறது நீங்க."